பாண்டிமீனா பழக்கிய தோசைக்கல்

மதுரை செல்லூரில் தறிச் சத்தம் ஓய்ந்திருக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வாரம் முழுக்க நைட்டி தைக்கும் யூனிட்டில் குனிந்தே இருக்கும் பாண்டிமீனாவின் முதுகுக்கும் அன்றுதான் ஓய்வு. அந்த ஞாயிறும் அவள் மெதுவாகத்தான் எழுந்தாள். கணவன் மலையாண்டி கறி வாங்கப் போயிருந்தான். வெறும் தோசையாவது ஊற்றி வைப்போம் என்று நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி, தீயைக் கூட்டி வைத்துவிட்டு, மாவை எடுக்கத் திரும்பினாள்.

அப்போதுதான் தெருவில் பக்கத்து வீட்டு முருகம்மாளின் குரல் கேட்டது.

"ஏய் மீனா, தண்ணி வந்துருச்சுடி! சீக்கிரம் கொடத்தத் தூக்கிட்டு வா!"

குழாயில் தண்ணீரைப் பார்த்து நாளாகியிருந்தது. பாண்டிமீனா கைக்கு எட்டிய குடங்களை இடுப்பிலும் கையிலுமாக அள்ளிக்கொண்டு ஓடினாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது அவள் நினைவில் இல்லை. வரிசையில் நின்று, ஒருத்தியோடு வாய்ச்சண்டை போட்டு, குடங்களை நிரப்பி, முதல் குடத்தோடு வாசற்படி ஏறியபோதுதான் வீடு அமைதியாக இருப்பது அவளுக்கு உறைத்தது.

அந்த வீடு பகலில் அமைதியாக இருந்ததே இல்லை. மகன் விக்ரம் படிப்பதற்காகக் கோயம்புத்தூர் போன பிறகு, வெறிச்சென்று இருந்த வீட்டுக்கு மலையாண்டி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தான். ஒரு ஜோடியாக வந்தவை குஞ்சு பொரித்துப் பெருகி, அடுப்படியை ஒட்டிய நடைபாதையில் ஒரு பெரிய கூண்டை நிறைத்திருந்தன. மஞ்சளும் பச்சையும் நீலமுமாக நாள் முழுக்கக் கத்திக் கொண்டிருக்கும். மலையாண்டி விசைத்தறி மெக்கானிக். பட்டறையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் கூண்டு முன்னால் போய் நிற்பான். "என்னங்கடா, சாப்பிட்டீங்களா?" என்று அவற்றைக் கேட்ட பிறகுதான் மனைவியைக் கேட்பான்.

கூண்டின் தரையில் பறவைகள் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகச் சில, ஓரமாகச் சில. பச்சைப் பறவை ஒன்று மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. குடம் சரிந்து தண்ணீர் நடைபாதை முழுக்க ஓடியது. அடுப்படியில் ஏதோ பிளாஸ்டிக் காய்ந்தது போன்ற ஒரு வாடை. புகை என்று சொல்லும்படிகூட எதுவும் இல்லை, கல்லுக்கு மேலே காற்று லேசாக மங்கித் தெரிந்தது, அவ்வளவுதான். அவள் அடுப்பை அணைத்தாள். பச்சைப் பறவையைக் கையில் ஏந்தித் தெருவுக்கு ஓடினாள். அது அவளுடைய உள்ளங்கைச் சூட்டிலேயே அடங்கிப் போனது.

கறிப் பையோடு வந்த மலையாண்டி முதலில் பூனையைத் தேடினான். பிறகு தீவனத்தை முகர்ந்து பார்த்தான். வழக்கமான கடை பூட்டியிருந்ததால் போன வாரம் வேறு கடையில் தினை வாங்கியிருந்தான்.

"மருந்தடிச்ச தினையக் குடுத்துட்டான். அவன இன்னைக்கு நான் சும்மா விடப் போறதில்ல."

"இருங்க. சண்டைக்குப் போறதுக்கு முந்தி டாக்டர்ட்டக் காட்டுவோம். என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க," என்றாள் பாண்டிமீனா.

ஒரு மிட்டாய்ப் பெட்டியில் துணி விரித்து, செத்துப்போன பச்சைப் பறவையை வைத்துக்கொண்டு இருவரும் கோச்சடைக்குப் போனார்கள். அங்கே பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சுஷ்மா ஞாயிறு காலையிலும் கதவைத் திறந்து வைத்திருப்பார். பறவையைப் புரட்டிப் பார்த்தார். தீவனத்தைப் பற்றிக் கேட்டார். கொசுவர்த்தி வைப்பீர்களா, வீட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்தீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது.

"எல்லாமே ஒரே நேரத்துல செத்துச்சா?"

"ஆமாம்மா. தண்ணி பிடிச்சிட்டு வாரதுக்குள்ள."

"கூண்டு எங்க இருக்கு? அடுப்படிப் பக்கமா? அந்த நேரத்துல அடுப்புல என்ன இருந்துச்சு?"

பாண்டிமீனா வாயைத் திறந்தாள். அந்த மங்கிய காற்று கண்முன்னே வந்தது. "தோசைக்கல்லு. நான்ஸ்டிக். வெறும் கல்லு காஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. மறந்துட்டுப் போயிட்டேன்."

டாக்டர் தலையாட்டினார். "அதுதாங்க. அந்தப் பூச்சு ரொம்பச் சூடானா அதுல இருந்து ஒரு வாயு வரும். பறவையோட நுரையீரல் அதைத் தாங்காது. நீங்க வேணும்னு பண்ணல. நிறையப் பேருக்கு இது தெரியாது." பிறகு பாண்டிமீனாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது பண்ணுதா? தலைவலி, நெஞ்சடைப்பு, குளிர்?"

"தல மட்டும் கனமா இருக்கு."

"இன்னைக்கு நல்லாக் காத்தோட்டமா இருங்க. மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஒரு டாக்டரைப் பாருங்க. நான் பறவைக்குத்தான் டாக்டர். ஆனா ஒண்ணு சொல்றேன். பயந்துபோய் வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டாம். மிதமான தீயில, மேல ஏதாவது வெந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்தக் கல்லால இப்படி ஆகாது. வெறுமனே காய விடுறதும், கீறி உரிஞ்ச பிறகும் வச்சிருக்கிறதும்தான் கூடாது."

திரும்பும் வழியெல்லாம் மலையாண்டி பேசவில்லை. வீட்டுக்கு வந்து மொட்டைமாடிச் செடித்தொட்டியில் மண்ணைத் தோண்டிப் பறவைகளைப் புதைத்தான். அன்று கறி அடுப்பேறவில்லை. பிற்பகலில் பாண்டிமீனாவுக்கு உடம்பு நடுங்கியது, போர்த்திக்கொண்டு படுத்தாள். அவன் கதவு சன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் நடுக்கம் விட்டது. அவனுடைய மௌனம் மட்டும் விடவில்லை.

"ஒரு வார்த்தை வைஞ்சுருந்தாக்கூடப் பரவால்லக்கா," என்று முருகம்மாளிடம் சொல்லி அழுதாள். "அடுப்படிப் பக்கமே வர மாட்டேங்குறாக. தட்டக்கூட வெளிய வாங்கிச் சாப்பிடுறாக."

அந்தத் தோசைக்கல்லின் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது முருகம்மாளுக்குத் தெரியும். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர் பாண்டிமீனாவுக்கு. அப்பா கண்ணுச்சாமியும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்தே பிள்ளைகளை வளர்த்தவர்கள். சோறும் குழம்பும் வெந்நீரும் எல்லாமே ஒரே அலுமினியப் பானையில்தான். தையல் கற்று, மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, சொந்தச் சம்பளத்தில் தனக்கென்று அவள் வாங்கிய முதல் பொருள், ஆடித் தள்ளுபடியில் எடுத்த அந்தக் கறுப்புக் கல். மாவை ஊற்றி விளிம்பைத் தொட்டால் போதும், தோசை தானாகச் சறுக்கி வரும். பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சறுக்கிக் காட்டுவாள். பளிச்சென்று இருக்கட்டும் என்று கம்பி நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து நடுவில் பூச்சு உரிந்து போயிருந்தது. உரிந்த துணுக்குகள் எங்கே போயின என்று அவள் யோசித்ததே இல்லை.

இப்போது யோசித்தாள். அந்தக் கல்லைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றால், எடுத்துப் போகிறவன் யாருக்காவது விற்றுவிட்டால்? ஒரு தடித்த ஆணியை எடுத்து, கல்லின் நடுவில் வைத்து, சுத்தியலால் ஓட்டை விழும்வரை அடித்தாள். இனிமேல் அதில் யாரும் எதையும் சுட முடியாது. அதற்குப் பிறகுதான் குப்பை வண்டியில் போட்டாள்.

அதோடு நிற்கவில்லை. அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கித் தரையில் பரப்பினாள். புளிக்குழம்பு வைக்கும் அலுமினியச் சட்டியின் உள்பக்கம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருந்தது. புளி தின்றது போகப் பாக்கி என்று அவளுக்குத் தோன்றியது. தின்ற உலோகம் குழம்போடுதானே போயிருக்கும்? அதைத் தனியே வைத்தாள். நுனி உருகி வளைந்த பிளாஸ்டிக் கரண்டியைத் தனியே வைத்தாள். எவர்சில்வர் பாத்திரங்களும் குக்கரும் அப்படியே அலமாரிக்குத் திரும்பின. டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தது. பயந்துகொண்டு எதையும் செய்யக் கூடாது. பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

சிம்மக்கல்லில் முத்திருளன் என்பவரின் பாத்திரக்கடை இருந்தது. இரும்புத் தோசைக்கல் வேண்டும் என்று கேட்டதும், கண்ணாடி போல மின்னும் கறுப்புக் கல் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இத அப்படியே அடுப்புல வச்சு ஊத்தலாம் தங்கச்சி. எண்ணெ தேச்சுப் பழக்கவே வேணாம்."

பாண்டிமீனா முந்தானையால் ஒரு தேய் தேய்த்தாள். துணியில் கறுப்பு ஒட்டியது. "இது என்னண்ணே?"

"எண்ணெக் கறைதான். கழுவுனாப் போயிரும்."

நம்பி வாங்கி வந்தாள். அடுப்பில் ஏற்றியதும் பெயிண்ட் வாடை குப்பென்று கிளம்பியது. உடனே அடுப்பை அணைத்தாள். மறுநாள் வேலை முடிந்ததும் அந்தக் கல்லோடு கடையில் போய் நின்றாள்.

"அண்ணே, இதுல என்ன பூசியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கம்பெனிக்காரன் குடுக்குறான், நாங்க விக்கிறோம். எனக்கு எங்கிட்டுத் தெரியும்?"

"தெரியாதத எனக்கு வேணாம்ணே. எதுவுமே பூசாத கல்லு இருந்தாக் குடுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க, போயிர்றேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைக்குள்ளே போய், சாக்குக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று, கனமாக ஒரு கல்லை இழுத்து வந்தார். "இத யாரும் கேக்குறதில்ல தங்கச்சி. பாக்க லட்சணமா இருக்காது. ஆனா வெறும் இரும்பு. இதுக்கு நான் பொறுப்பு."

அந்தக் கேள்வியே அவளுக்கு ஓர் அளவுகோலாகிவிட்டது. மண்சட்டி வாங்கப் போன இடத்திலும் அதையேதான் கேட்டாள். உள்ளே வண்ணம் பூசிப் பளபளத்த சட்டியை, அது என்ன பூச்சு என்று விற்பவருக்குச் சொல்லத் தெரியாததால், அங்கேயே வைத்துவிட்டாள். தட்டினால் கணீரென்று கேட்ட வெறும் மண்சட்டியைப் புளிக்குழம்புக்கென்று எடுத்து வந்தாள்.

மண்சட்டி சொன்னபடி கேட்டது. இரும்புக்கல் கேட்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் ஊற வைத்தாள், தேய்த்தாள், எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சினாள். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அடுத்ததும் அப்படியே. மறுநாள் பார்த்தால் கல்லின் ஓரத்தில் துரு. தோசைத் திருப்பியால் சுரண்டிச் சுரண்டி, அந்த வாரம் முழுக்கத் தட்டில் தோசை என்ற பெயரில் பொடிமாஸ்தான் விழுந்தது. மலையாண்டி ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு காலை, ஒட்டிய தோசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பாண்டிமீனா, திருப்பியை அடுப்புமேடையில் வீசிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது மலையாண்டி அடுப்படிக்குள் நின்றிருந்தான். பறவைகள் போன பிறகு அவன் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கல்லின்மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தான்.

"எண்ணெய எதுக்கு இம்புட்டு ஊத்துற? பிசுபிசுன்னு கெடக்கு. இரும்பு எம்புட்டு குடிக்குமோ அம்புட்டுத்தான் குடிக்கும்."

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் நெறைய ஊத்தச் சொன்னாக."

"தறியில நான் பாக்காத இரும்பா? நகரு."

கல்லைக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைத்தான். சன்னலை அகலத் திறந்துவிட்டான். ஒரு பழைய வேட்டித் துணியில் சில சொட்டு நல்லெண்ணெயை நனைத்துக் கல் முழுக்கத் தேய்த்தான். பிறகு வேறொரு துணியை எடுத்து, தேய்த்ததையெல்லாம் துடைத்தெடுத்தான்.

"என்னங்க, பூசுனத நீங்களே தொடைக்கிறீக?"

"தொடைச்ச பெறகு மிஞ்சுறதுதான் வேணும்."

சூடு ஏறி, லேசாகப் புகைந்து, அடங்கியது. ஆற விட்டு மறுபடி தேய்த்தார்கள். துணி சுட்டபோது அவள் வாங்கிக்கொண்டாள், அவளுக்குக் கை ஓய்ந்தபோது அவன் வாங்கிக்கொண்டான். அப்படி மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருக்கையில், கல்லைப் பார்த்தபடியே பாண்டிமீனா கேட்டாள்.

"என்னய வைஞ்சுருக்கலாம்ல?"

அவனும் கல்லைப் பார்த்தபடிதான் சொன்னான். "வையத் தோணல மீனா. அன்னைக்கு டாக்டரம்மா ஒன்னயப் பாத்து, நெஞ்சடைக்குதான்னு கேட்டாக பாரு, அப்பத்தான் எனக்குத் திக்குனுச்சு. அதே காத்தத்தான நீயும் குடிச்ச? நான் பாட்டுக்குக் கறிக்கடையில நின்னு கத பேசிக்கிட்டு இருந்தேன். பறவைக்கு அழுகுறதா, ஒனக்குப் பயப்படுறதான்னு தெரியல. இந்த அடுப்படியப் பாத்தாலே அந்தக் காத்துதான் ஞாபகம் வந்துச்சு. அதான் வாயடைச்சுப் போய்த் திரிஞ்சேன்."

கோபம் என்று அவள் நினைத்துக் குமைந்துகொண்டிருந்தது, அவளைப் பற்றிய பயமாக இருந்திருக்கிறது. அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு, "போதும், கை பொசுங்கிப் போகும்," என்றாள். அன்று மதியத்துக்குள் கல் கறுத்து, மெருகேறி, ஒரு மாதிரி பட்டுப்போல ஆகிவிட்டது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு சுற்று தேய்த்து, மாவை ஊற்றினாள். ஓரம் தானாக எழும்பியது. திருப்பியை அடியில் விட்டுத் தூக்கினாள். தோசை முழுசாக வந்தது, நடுவில் மட்டும் சின்னதாக ஓர் ஓட்டை.

"ஓட்டை எனக்கு," என்று மலையாண்டி தட்டை நீட்டினான்.

சில வாரங்கள் கழித்து, தெருக்கோடியில் இருக்கும் சமுதாயக் கூடத்தில் பாத்திரக் கண்காட்சி போட்டார்கள். ஜெயராம் என்ற இளைஞன், கிரானைட் பாத்திரம் என்று சொல்லி ஒரு கல்லில் எண்ணெயே இல்லாமல் முட்டையைச் சறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். பெண்கள் கூட்டம் அலைமோதியது. முருகம்மாள் வாங்கியே விடுவது என்ற முடிவோடு வந்திருந்தாள். பாண்டிமீனா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். யூனிட்டில் சூப்பர்வைசர் எதிரே நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. ஆனாலும் கேட்டாள்.

"தம்பி, இது முழுசும் கல்லா, இல்ல மேல பூசுனதா?"

"கிரானைட் ஃபினிஷ்க்கா."

"பூச்சுதான? அப்ப வெறுமனே அடுப்புல வச்சுக் காய விடலாமா?"

ஜெயராம் சிரித்து மழுப்பப் பார்த்தான். அவள் உட்காரவில்லை. அவன் பெட்டிக்குள்ளிருந்த தாளை எடுத்துப் படித்தான். "காலியா சூடு பண்ணக் கூடாதுன்னு போட்டுருக்குக்கா. தீயையும் கம்மியா வைக்கணும்."

"அத மொதல்லயே எல்லாருக்கும் சொல்லிருங்க தம்பி. நான் தெரியாம வச்சுட்டுத் தண்ணி பிடிக்கப் போயி, எங்க வீட்டுப் பறவைக அம்புட்டும் செத்துப் போச்சு."

அந்தப் பறவைகளின் சத்தம் அந்தத் தெருவுக்கே பழக்கம். அது ஏன் நின்றது என்று பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பாண்டிமீனா நடந்ததைச் சொன்னாள். வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்கினால் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், பூச்சு உரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சிலர் வாங்கத்தான் செய்தார்கள். ஜெயராம் அதன் பிறகு ஒவ்வொரு கல்லைக் கொடுக்கும்போதும், வெறுமனே காய விடாதீங்க, கம்பி நார் போடாதீங்க என்று தானாகவே சொன்னான். கூட்டம் கலைந்ததும் அவளிடம் வந்தான்.

"அக்கா, எங்க அக்கா வீட்டுலயும் லவ் பேர்ட்ஸ் வச்சுருக்காங்க. சமையலறையிலதான் தொங்குது. நான்தான் இந்தக் கல்லக் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்து அக்காவுக்கு அழைத்தான். கூண்டை உடனே வெளியே எடுத்து வைக்கச் சொல்லி அவன் பேசி முடிக்கும்வரை பாண்டிமீனா அங்கேயே நின்றிருந்தாள்.

முருகம்மாள் கண்காட்சியில் எதுவும் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பாண்டிமீனாவை இழுத்துக்கொண்டு சிம்மக்கல் போனாள், கூடவே தெருவில் இன்னும் சிலரும். முத்திருளன் இவர்களைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, பெயிண்டு இல்லாததுதான?" என்று சாக்கை விலக்கினார். இப்போது அந்தக் கற்கள் கடையின் முன்வரிசையிலேயே இருக்கின்றன.

மலையாண்டி புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்தான். கூண்டை மொட்டைமாடியில், வெயிலும் மழையும் படாமல் தகரக் கொட்டகை போட்டு, அடுப்படியிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டினான். காலையில் தீவனம் போடுவது பாண்டிமீனாவின் வேலை என்று அவனே சொல்லிவிட்டான். முதல் சில நாள் கூண்டைத் திறக்கும் முன், அடுப்பை அணைத்தாயிற்றா என்று கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு பழகிவிட்டது.

பொங்கல் விடுமுறைக்கு வந்த விக்ரம், ஓரம் முறுகிய தோசைகளைக் கணக்கில்லாமல் உள்ளே தள்ளினான்.

"அம்மா, எங்க ரூம்ல ஒரு கல்லு இருக்கு. பாதி பூச்சு போயிருச்சு. அதுலதான் முட்டை, தோசை எல்லாம் போடுறோம். எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வாங்கிக் குடும்மா."

"வாங்கித் தாரேன். ஆனா நீதான் பழக்கணும். உக்காரு."

அன்று மாலையே புதுக்கல் வந்தது. பாண்டிமீனா கழுவிக் கொடுத்தாள், விக்ரம் அடுப்பில் வைத்து எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்த்தான். கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த மலையாண்டி அங்கிருந்தே கத்தினான்.

"டேய், அம்புட்டு ஊத்தாதடா!"